திருச்சபைப் பள்ளியும் மாணவர் மலர்ச்சியும்

பள்ளியின் குறிக்கோளைத் தடங்கலின்றி ஒப்புவிக்கும் மாணவன், பக்கத்திலிருப்பவன் எழுத்துக் கூட்டித் தடுமாறும்போது கைகொட்டிச் சிரிக்கிறான். குறிக்கோள் சுவரில் இருக்கிறது, நெஞ்சில் இல்லை. தோட்டப் பள்ளியில் நெடுநாள் பணியாற்றும் நான் இதைக் கண்டு வருந்தியதுண்டு. சமய நெறியின்மேல் எழுந்த பள்ளிகளுக்கும் இந்தச் சோதனை உண்டு. இங்கிலாந்துத் திருச்சபைப் பள்ளிகளை இங்கே சான்றாகக் கொள்வோம்.

ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பதற்கென 1811ஆம் ஆண்டில் அத்திருச்சபையினர் ஒரு சங்கம் நிறுவினர். அந்நாட்டு அரசாங்கம் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றியதோ 1870ஆம் ஆண்டில்தான். இன்று அத்திருச்சபைக்கு ஏறத்தாழ 4,600 பள்ளிகள் உள்ளன. சுமார் 10 லட்சம் பிள்ளைகள் பயில்கின்றனர். அவர்கள் அனைவரும் கிறிஸ்துவர் அல்லர். முஸ்லிம் பிள்ளைகளே பெரும்பான்மையாக உள்ள பள்ளிகளும் உண்டு.

இப்பள்ளிகளுக்கென 2016இல் வகுக்கப்பட்ட கல்விக் கொள்கை, யோவான் நற்செய்தி கூறும் நிறைவான வாழ்வையே அடிப்படையாகக் கொண்டது. அறிவும் திறனும் சேர்ந்த ஞானம், நம்பிக்கை, கூடி வாழ்தல், மனித மாண்பு ஆகிய நான்கும் அதன் தூண்கள்.

இவை வகுப்பறையில் எவ்வாறு பயன் தரும்? மனிதர் யாவரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்பது கிறிஸ்துவக் கொள்கை. இதை மெய்யாக ஏற்கும் ஆசிரியர், மதிப்பெண்ணை மட்டும் கொண்டு பிள்ளையை அளக்கமாட்டார். கடைசி வரிசையில் இருப்பவனும் அவர் கண்ணுக்கு முழு மனிதனே. இகழ்ச்சிக்கு அஞ்சாத பிள்ளை கேள்வி கேட்கும். கேள்வி கேட்கும் பிள்ளை கற்கும். மன்னிப்பும் இத்தகையதே. மன்னிப்பதென்றால் தவற்றைக் காணாதது போல் விட்டுவிடுவதன்று. சண்டையிட்ட இருவரையும் அமரச் செய்து, இழைத்த தீங்கை உணர்த்தி, அதைச் சரிசெய்ய வழிகாட்டி, மறுநாள் பழைய குற்றத்தைச் சொல்லிக் காட்டாதிருப்பதே மன்னிப்பு.

வாய்ச்சொல் போதாது என்பதற்காகவே, 2005ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி இப்பள்ளிகளில் தனிப் பார்வையிடல் நடைபெறுகிறது. பள்ளியின் கிறிஸ்துவ நோக்கு மாணவரும் பெரியவரும் மலர்ச்சியடைய எவ்வாறு துணைபுரிகிறது என்பதே 2023இல் நடைமுறைக்கு வந்த விதிமுறையின் தலையாய வினா. ‘பெரியவரும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மனம் சோர்ந்த ஆசிரியரால் பிள்ளைகளுக்கு எப்படி ஊக்கமூட்ட முடியும்?

சமய நெறி பிற சமயத்தாரை நெருக்காதா என்று கேட்பது நியாயமே. பள்ளி வழிபாட்டிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையை அங்கே சட்டம் பெற்றோருக்கு வழங்கியுள்ளது. ஆனால், ஆலயத்துக்கு வரும் குடும்பங்களுக்குச் சில பள்ளிகள் மாணவர் சேர்க்கையில் முதலிடம் தருவது இன்றும் கண்டனத்துக்கு உள்ளாகிறது. அக்கண்டனத்தைப் புறக்கணித்தல் ஆகாது. ஏழைக்கென எழுந்த பள்ளி, அயலானை வாயிலில் நிறுத்திவிட்டு அன்பைப் போதிக்க முடியுமா?

ஆகவே, ஒரு பள்ளியின் நெறியை அறிய விரும்புவோர் அதன் பரிசுக் கோப்பைகளைப் பார்க்க வேண்டா. அங்கே மிகவும் பின்தங்கிய பிள்ளை காலையில் எந்த முகத்தோடு வாயிலுக்குள் நுழைகிறது என்று பார்க்கட்டும். எச்சமயத்தார் நடத்தும் பள்ளிக்கும், நம் தோட்டப் பள்ளிக்கும், இதுவே உரைகல்.