லாரி ஏன் நிற்கிறது?

காலை நேரம். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வந்து பாருங்கள். ஓசூர் பக்கமிருந்து வந்த லாரிகள் சாலை ஓரத்தில் வரிசையாக நிற்கும். ஒரு லாரியில் இரும்புக் கம்பி. அடுத்த லாரியில் சிமெண்டு மூட்டை. அதற்கும் அடுத்ததில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். டிரைவர் வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். கிளீனர் டீ வாங்கப் போயிருப்பார்.

வண்டி கெட்டுப் போய்விட்டதா? இல்லை. சரக்கு வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? அதுவும் இல்லை. நகரத்துக்குள் நுழைய நேரம் வரவில்லை. அதனால்தான் நிற்கிறது.

நம் ஆனேக்கல் தாலுகா பெங்களூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் தாலுகா வழியாகப் போகிறது. முன்பு இதற்கு 7-ஆம் எண். பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளும் நம் தாலுகாவில்தான் இருக்கின்றன. ஆகவே நகரத்துக்குப் போகும் சரக்கும், நகரத்திலிருந்து வரும் சரக்கும், இங்கேயே செய்து வெளியூர் போகும் சரக்கும் நம் ஊர்ச் சாலையில்தான் ஓடுகின்றன.

அத்திப்பள்ளியில் லாரி நிற்பது புதிதல்ல. முன்பெல்லாம் விற்பனை வரிச் சோதனைச் சாவடிக்காக நின்றன. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. விற்பனை வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரி முதல் சுங்கச் சாவடியில் ஃபாஸ்டாக் கட்டாயமானது. சில்லறை எண்ணும் நேரமும் மிச்சம். ஆனால் இப்படி மிச்சம் பிடித்த நேரத்தை நகரத்தின் வாசலில் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது.

நகரம் ஏன் லாரியை நிறுத்துகிறது? காரணம் இருக்கிறது. காலையில் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் சாலைக்கு வருகிறார்கள். மாலையில் எல்லோரும் ஒன்றாகத் திரும்புகிறார்கள். ஒரு லாரி ஏறக்குறைய மூன்று கார்களின் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மெதுவாகக் கிளம்பும். மெதுவாகத் திரும்பும். டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால், இடது பக்கத்தில் ஒட்டி வரும் சைக்கிளும் ஸ்கூட்டரும் அவர் கண்ணில் படாது. லாரி இடது பக்கம் திரும்பும்போது பல உயிர்கள் இப்படிப் போயிருக்கின்றன. திரும்புகிற லாரியின் இடது பக்கத்தில் நாம் ஒருபோதும் நுழையக் கூடாது.

இந்த யோசனை மிகப் பழையது. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோம் நகரில் பகலில் பார வண்டிகள் ஓடத் தடை இருந்தது. ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் அது. கோயில் கட்டும் சாமான் ஏற்றிய வண்டி போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. தடையின் பலன் என்ன? பகலில் தெரு காலியானது. இரவெல்லாம் சக்கரச் சத்தம். ஊர் மக்களுக்குத் தூக்கம் போனது. இதே காரணத்தால் லண்டன் நகரம் 1980-களில் நேர் மாறாகச் செய்தது. இரவிலும் வார விடுமுறையிலும் பெரிய லாரிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பகலில் தடுத்தால் இரவில் தொல்லை. இரவில் தடுத்தால் பகலில் நெரிசல்.

நம் நாட்டில் இந்தத் தடையைப் போடும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 115-ஆம் பிரிவு. மாநில அரசும், அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரியும் ஒரு சாலையில் ஒரு வகை வண்டியைத் தடுக்கலாம். தடை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அரசிதழில் வெளியிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடியும் தடை என்றாலும் உள்ளூரில் தெரியும்படி அறிவிக்க வேண்டும். சாலையில் பலகையும் வைக்க வேண்டும்.

அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு வட்டம். நடுவே லாரிப் படம். குறுக்கே ஒரு கோடு. சரக்கு வண்டி போகக் கூடாது என்று அர்த்தம். கீழே சிறிய பலகை ஒன்று இருந்தால் அதில் எண்கள் இருக்கும். எந்த நேரம், எத்தனை டன் என்பதை அந்த எண்கள்தான் சொல்லும். கன்னடம் படிக்கத் தெரியாத நாமக்கல் டிரைவரும், தமிழ் தெரியாத பீகார் டிரைவரும் எண்களைப் படிக்க முடியும். நேரம் சாலைக்குச் சாலை வேறுபடும். போன வருடம் இருந்த நேரம் இந்த வருடம் இருக்காது. ஆகவே “எனக்குத் தெரியும்” என்று பழக்கத்தில் ஓட்டக் கூடாது. பலகையைப் படித்துத்தான் ஓட்ட வேண்டும். மரக்கிளை மறைத்த பலகையும், சினிமா போஸ்டர் ஒட்டிய பலகையும் நம் சாலைகளில் உண்டு. அப்படி ஒன்றைக் கண்டால் நகராட்சிக்கு ஒரு மனு எழுதலாம். நாலு வரி போதும்.

சரி, லாரி நின்றுவிட்டது. அந்த நேரத்துக்கு யார் பணம் தருகிறார்கள்?

பல டிரைவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கணக்கு. அரை நாள் நின்றால் அந்த அரை நாளுக்குக் கூலி இல்லை. சாப்பாட்டுச் செலவு மட்டும் உண்டு. குளிக்க இடம் இல்லை. கழிப்பறை இல்லை. இரவெல்லாம் ஓட்டி வந்தவர் வெயிலில் அரைத் தூக்கம் தூங்குகிறார். அப்புறம் மறுபடியும் இரவில் நகரத்துக்குள் ஓட்டுகிறார். நகரத்தில் இருக்கிறவர்களுக்குக் காலை நேரம் கொஞ்சம் வசதியாகிறது. அதற்கு விலை கொடுப்பவர் இந்த டிரைவர். எனக்கு இது நியாயமாகத் தோன்றவில்லை.

சரக்குச் சீட்டும் காத்திருக்காது. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு என்றால் பொதுவாக ‘இ-வே பில்’ வேண்டும். 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் கெடு. மதுரையிலிருந்து பெங்களூருக்கு 400 கிலோ மீட்டருக்கு மேல். ஆகவே மூன்று நாள் கெடு. கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னதாகவோ, முடிந்த எட்டு மணி நேரத்துக்குள்ளோ நீட்டிக்கலாம். அதற்கு மேல் போனால் சிக்கல்தான். சீட்டில் இருக்கும் தேதியையும் வண்டி எண்ணையும் டிரைவரே படித்துப் பார்ப்பது நல்லது. ஆபீசில் இருப்பவர் பார்த்திருப்பார் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம்.

காத்திருக்க முடியாத வியாபாரி என்ன செய்கிறார்? பெரிய லாரியை நகரத்துக்கு வெளியே நிறுத்திச் சரக்கைச் சின்ன வண்டிக்கு மாற்றுகிறார். 2005-இல் டாடா ஏஸ் வந்தது. நாம் அதைக் குட்டி யானை என்கிறோம். பெரிய லாரிக்குத் தடை உள்ள பல தெருக்களில் குட்டி யானை போகலாம். ஒரு கணக்குப் போடுவோம். லாரியில் 10 டன் சரக்கு. அதாவது 10,000 கிலோ. குட்டி யானை ஏற்றுவது சுமார் 750 கிலோ. 10,000-ஐ 750-ஆல் வகுத்தால் 13-க்கு மேல் வரும். ஆக 14 நடை. லாரி எடுத்த இடம் மூன்று கார் இடம். இப்போது 14 வண்டி இடம்! நெரிசலைக் குறைக்கப் போட்ட தடை, சில தெருக்களில் நெரிசலைக் கூட்டியும் விடுகிறது. மாற்றி ஏற்றும் கூலியும் சேரும். அது தக்காளி விலையில் வந்து உட்காரும்.

இன்னொரு ஆபத்து இருட்டில் இருக்கிறது. சாலை ஓரத்தில் விளக்கு இல்லாமல் நிற்கும் லாரி. ஆலையில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிற பையனுக்கு அது கடைசி நிமிடத்தில்தான் தெரியும். லாரியின் பின்பக்கம் உயரமாக இருக்கும். பைக் அடியில் புகுந்துவிடும். தலை மோதும். மற்றவர்களுக்கு ஆபத்து வரும்படி வண்டியை விட்டுச் செல்வது அதே மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். சரக்கு வண்டியில் வெளிச்சம் பட்டால் மின்னும் நாடா ஒட்ட வேண்டும். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. நாடா மேல் படிந்த சேற்றை ஒரு துணியால் துடைத்தாலே பாதி ஆபத்து போய்விடும். கிளீனர் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். வண்டி பழுதாகி நின்றால் முக்கோணப் பலகையைப் பின்னால் நல்ல தூரத்தில் வைக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கவே கூடாது.

இனிப் பாரத்தைப் பார்ப்போம். ஜிகனியில் கருங்கல் அறுக்கும் பட்டறைகள் நிறைய. பெரிய பெரிய கல் பாளங்கள் லாரியில் வருகின்றன. கல் எவ்வளவு எடை? நாமே கண்டுபிடிக்கலாம். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2,700 கிலோ. நீளம் 3 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர் உள்ள ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 6.75 கன மீட்டர். அதை 2,700-ஆல் பெருக்கினால் 18,000 கிலோவுக்கு மேல். ஒரே கல் 18 டன்! பார்வைக்கு லாரியில் பாதி இடம் காலியாக இருக்கும். பாரமோ எல்லை தாண்டியிருக்கும். ஆகவே கண்ணை நம்பாதீர்கள். எடை மேடைச் சீட்டையும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அதிகப்படியை இறக்கும் வரை வண்டி நகரக் கூடாது.

பாரம் சாலையை எப்படிக் கெடுக்கிறது தெரியுமா? அச்சில் விழும் எடை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு அல்ல. ஏறக்குறைய பதினாறு மடங்கு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் சாலை போட்டு, லாரிகளை ஓட்டி ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊர் உள் சாலையில் போட்ட தார் ஒரு மழைக்காலம் தாங்காமல் போவதற்குத் தரக்குறைவு மட்டும் காரணம் அல்ல.

சரக்கை இறக்கும் இடமும் முக்கியம். 2023 அக்டோபர் 7-ஆம் தேதியை நம் தாலுகா மறக்காது. அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையில், வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் தீப்பிடித்தது. 14 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளி வேலைக்கு வந்த இளைஞர்கள். எந்தச் சரக்கு, எங்கே இறக்குவது, எவ்வளவு வைப்பது, வெளியே ஓட வழி எது என்று இறக்குகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெட்டி மேல் ‘எரியும் பொருள்’ என்ற படம் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். கூலிக்கு வந்தவர் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

நகரத்துக்குள் லாரி வருவதைக் குறைக்க இன்னொரு வழி உண்டு. சந்தையையே வெளியே கொண்டு வருவது. நம் தாலுகாவில் சிங்கேன அக்ரஹாராவில் உள்ள பழச் சந்தை அப்படிப்பட்டது. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது கலாசிபாளையம் காய்கறி வியாபாரத்தையும் இங்கே மாற்றினார்கள். சென்னையில் 1996-இல் கொத்தவால் சாவடிச் சந்தையைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். அன்று கோயம்பேடு ஊருக்கு வெளியே இருந்தது. இன்று அதுவும் நகரத்துக்கு நடுவே வந்துவிட்டது! சந்தை நகர்ந்தால் நகரமும் பின்னாலேயே வருகிறது. கூடவே ஹமாலிகளின் பஸ் செலவும் கூடுகிறது. இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

நகரத்தைத் தொடாமல் சுற்றிப் போகச் சாலையும் போடுகிறார்கள். துணை நகரங்களை இணைக்கும் வட்டச் சாலை அது. சுமார் 280 கிலோ மீட்டர். தாபஸ்பேட்டையிலிருந்து ஒசகோட்டை வரையான பகுதி 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. இந்தச் சாலையின் வழியில் அத்திப்பள்ளியும் ஆனேக்கல்லும் உண்டு. சென்னையிலிருந்து மும்பை போகிற லாரிக்கு பெங்களூருக்குள் என்ன வேலை? அது சுற்றிப் போய்விடும். லாரியையே ரயிலில் ஏற்றி அனுப்பும் முறையும் உண்டு. கொங்கண் ரயில்வே 1999-இல் தொடங்கியது. 2020 ஆகஸ்டில் பெங்களூருக்கு அருகே நெலமங்கலாவிலிருந்து சோலாப்பூர் பக்கம் பாளே வரை அப்படி ஒரு ரயில் விட்டார்கள்.

ஆனால் பெங்களூருக்கே வரும் சரக்கு சுற்றிப் போக முடியாது. அது இங்கே காத்திருந்துதான் ஆக வேண்டும். தார் போட்ட ஒரு திடல், விளக்கு, தண்ணீர், கழிப்பறை, படுக்க ஒரு கொட்டகை, பக்கத்தில் எடை மேடை, வாசலில் அன்றைய தடை நேரத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதிய பலகை. இவ்வளவு இருந்தால் லாரி சாலை ஓரத்தில் நிற்காது. அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா, ஜிகனி, ஆனேக்கல் எல்லாவற்றுக்கும் உள்ளாட்சி மன்றங்கள் உண்டு. லாரி நிறுத்தும் இடம் எங்கே என்று அவற்றிடம் எழுதிக் கேட்கலாம். மனுவில் மூன்று விவரம் இருக்கட்டும்: எந்தச் சாலை, எந்த நேரத்தில் எத்தனை லாரி நிற்கிறது, பக்கத்தில் காலியாக இருக்கும் அரசு நிலம் எது. ஒரு வாரம் மாலையில் நின்று எண்ணினால் இரண்டாவது விவரம் கிடைத்துவிடும். மனுவைக் கொடுத்ததும் தேதி முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.