மாற்றுச் சிறுநீரகமும் மறவாத மருந்தும்

பழுதுற்ற சிறுநீரகத்திற்குப் பதிலாக மற்றொருவருடையதைப் பொருத்தும் ரண சிகிச்சை, 1954-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே குழுவினரால் முதன்முதலாக வெற்றி கண்டது. கொடுத்தவரும் பெற்றவரும் உருவொத்த இரட்டையர்; ஆகவே உடல் அதனை அந்நியமாகக் கருதவில்லை. நம் நாட்டில் 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை வெற்றியுடன் நிறைவேறியது. இரட்டையரல்லாத ஏனையோருக்கு, வந்த உறுப்பை உடல் எதிர்த்துத் தாக்காதிருக்க, அநேகமாக ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும். அவற்றுள் முக்கியமான டாக்ரோலிமஸ் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை உட்கொள்ளப்படுவது.

இங்கேதான் இடர்ப்பாடு. ஒரு வேளை தவறினால் வலி தோன்றுவதில்லை. உறுப்பு கெடத் தொடங்கியபின்னும் உடம்பு தெம்பாகவே இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில்தான் முதலில் தெரியவரும். தெம்பாக இருப்பவர் ‘இனி எதற்கு இத்தனை மாத்திரை?’ என்று எண்ணுவது இயல்பே. உடனே வீட்டார் அதட்டுகிறார்கள். மருத்துவமனையில் உபதேசம் நடக்கிறது. அவரும் தலையசைத்துவிட்டுப் போகிறார். அடுத்த முறை, தவறியதை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். அதட்டலால் விளையும் பெருந்தீங்கு இதுவே என்பது நம் அபிப்பிராயம்.

குடிப்பழக்கத்தால் அல்லலுறுவோரிடையே பணியாற்றிய மனநூல் அறிஞர் வில்லியம் மில்லர், 1983-இல் வேறொரு வழியை எழுதினார். பின்னர் ஸ்டீபன் ரோல்நிக்குடன் சேர்ந்து 1991-இல் அதனை நூலாக்கினார். ‘ஊக்க உரையாடல்’ என்று அதனைத் தமிழில் கூறலாம். மாறவேண்டிய காரணத்தை நாம் எடுத்துரைப்பதைவிட, அவர் வாயிலாகவே வெளிவரச் செய்வது இதன் சாரம்.

மாலை மாத்திரையை அடிக்கடி மறக்கும் ஒரு நெசவாளியிடம் செவிலியர் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

“மாத்திரை விஷயம் எப்படிப் போகிறது, ஐயா?”

“காலையில் தவறுவதில்லை, அம்மா. இரவு எட்டு மணிக்குத் தறியில் இருப்பேன். பாதியில் எழ மனம் வராது.”

“வேலையும் முடியவேண்டும், சிறுநீரகமும் நிலைக்கவேண்டும்.”

“ஆமாம். அக்காள் கொடுத்தது அல்லவா?”

“வேளை தவறாமல் சாப்பிடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை சொல்வீர்கள்?”

“ஆறு.”

“ஏன் மூன்று என்று சொல்லவில்லை?”

இக்கேள்வியை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். ‘ஏன் ஒன்பது இல்லை?’ என்று கேட்டிருந்தால் அவர் சாக்குகளை அடுக்கியிருப்பார். மூன்று ஏன் இல்லை என்றதும், அக்காளையும், மீண்டும் வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்கு அலைய நேரும் என்பதையும் அவரே சொல்லுகிறார். அடுத்து, “என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்கப்படுகிறது. “எட்டு மணி அடித்ததும், அடுத்த தார் மாற்றும்போது விழுங்கிவிடலாம். எப்படியும் அப்போது கை நிற்கும்” என்கிறார். தார் மாற்றும் இடைவேளையை எந்த மருத்துவர் அறிவார்?

அறிவுரையே கூடாதென்பதில்லை. “எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லலாமா?” என்று அனுமதி கேட்டுச் சொல்லி, “இதைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன?” என்று மீண்டும் கேட்பதே முறை. பம்பளிமாஸ், கிரேப்புரூட் பழங்கள் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றக்கூடும். நாட்டு மருந்துகளிலும் சில இம்மருந்தைக் கெடுக்கும். தோட்டத்துப் பழத்தைத் தின்னாதே என்று ஒரு விவசாயியைத் தடுப்பதைவிட, இந்தக் காரணத்தைச் சொல்லி, வேறு எந்தப் பழம் பிடிக்கும் என்று வினவுவது பலன் தரும்.

இம்முறை சர்வரோக நிவாரணி அன்று. மாத்திரை வாங்கப் பணமின்றிப் பாதியாகக் குறைத்துக்கொள்பவருக்கு உரையாடல் போதாது. அவருக்கு வேண்டியது மருந்து. ஆனால் அந்த உண்மையும் கனிவாகக் கேட்டால்தான் வெளிவரும். காய்ச்சலோ, சிறுநீர் குறைவோ, பொருத்திய இடத்தில் வலியோ கண்டால், பேச்சுக்கு இடமின்றி அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.