இருமினாலே சிறுநீர் கசிகிறதா? வயசு மட்டும் காரணம் இல்லை!

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு பஸ் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கு இந்தப் பயணமே பெரிய சோதனை. 'கொஞ்சம் நிறுத்துங்கண்ணா' என்று டிரைவரிடம் கேட்கக் கூச்சம். வீட்டில் சொன்னால், 'வயசானா அப்படித்தான்' என்ற பதில். ஆனால் இது தனி நோய் அல்ல, ஓர் அறிகுறி. காரணம் தெரிந்தால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம்.

எப்போது கசிகிறது?

இருமும்போது, சிரிக்கும்போது, குடம் தூக்கும்போது: சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத் தசைகள் தளர்ந்திருக்கலாம். பிரசவம், மாதவிடாய் நின்ற பிறகு வரும் மாற்றம், உடல் பருமன், தீராத இருமல் ஆகியவை முக்கியக் காரணங்கள்.

திடீரென முட்டிக்கொண்டு, பாத்ரூம் போவதற்குள்: பை நிறைவதற்கு முன்பே சுருங்குகிறது. பக்கவாதம் போன்ற நரம்புப் பிரச்சினைகளாலும் இது வரலாம்.

சொட்டுச் சொட்டாக: பை முழுசா காலியாகாமல் நிரம்பி வழிகிறது. ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கம், நீண்ட நாள் சர்க்கரை நோய் காரணமாகலாம்.

சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சில பிபி மாத்திரைகளால் தற்காலிகமாகவும் வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தண்ணீரைக் குறைக்கலாமா?

பலர் செய்யும் தப்பு இதுதான். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி பையை உறுத்தும், மலச்சிக்கலும் கூடும். காபி, டீயை வேண்டுமானால் குறைக்கலாம். கொல்லிமலையில் விளையும் காபிக்கும் இது பொருந்தும்!

என்ன செய்யலாம்?

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் விளக்கிய பயிற்சி இன்றும் முதல் சிகிச்சை. வாயுவை அடக்குவது போல தசையை இறுக்கி, 5 விநாடி வைத்து, மெதுவாகத் தளர்த்தவும். ஒரு வேளைக்கு 10 முறை, தினமும் 3 வேளை. பலன் தெரிய 3 மாதம் வரை ஆகலாம். சொட்டுச் சொட்டாகக் கசிபவர்கள் மட்டும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் மாத்திரை, அறுவை சிகிச்சையும் உண்டு.

எப்போது உடனே போகணும்?

சிறுநீரில் ரத்தம், எரிச்சலுடன் காய்ச்சல் இருந்தால் தாமதிக்க வேண்டாம். திடீரென கால் மரத்துப்போய் சிறுநீர் கட்டுப்பாடு போனால் அது அவசர நிலை.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிபி பார்க்க பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அடுத்த முறை வரும்போது இதையும் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமே இல்லை.