கொள்ளுத்தாத்தா 'சொல்தா'வா? பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த முன்னோரைத் தேடுவது எப்படி?

தேங்காய்த்திட்டு, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் பக்கம் சில பழைய வீடுகளின் சுவரில் அப்படி ஒரு போட்டோவைப் பார்க்கலாம். தொப்பி, பட்டன் வைத்த சட்டை, மார்பில் ஒரு மெடல். யாருன்னு கேட்டால், "நம்ம கொள்ளுத்தாத்தா, சொல்தாவா இருந்தாரு" என்பதோடு பதில் முடிந்துவிடும். எந்தப் போர், எந்தப் படை, எப்போ கப்பல் ஏறினார்? வீட்டில் யாருக்கும் தெரியாது.

'சொல்தா' என்றால் பிரெஞ்சு மொழியில் படைவீரர். புதுச்சேரித் தமிழில் அது ஊர்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், இந்தோசீனா என மூன்றிலும் இந்த ஊர்க்காரர்கள் இருந்தார்கள். 1940 செப்டம்பரில் அப்போதைய ஆளுநர் லூயி போன்வேன், ஜெனரல் டி கோல் பக்கம் சேர்ந்தார். இங்கிருந்து சுதந்திர பிரெஞ்சுப் படைக்கு ஆட்கள் போனது அதன் பிறகுதான். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே இருக்கும் போர் நினைவுச் சின்னம் 1938-ல் திறக்கப்பட்டது. முதல் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காகக் கட்டியது அது. ஆண்டுதோறும் ஜூலை 14-ஐ ஒட்டி அங்கே மலர் வளையம் வைப்பார்கள்.

சரி, ஒரு குறிப்பிட்ட ஆளை எப்படித் தேடுவது?

முதலில் வீட்டுப் பெட்டி. ராணுவ சேவைக் கையேடு, பென்ஷன் புத்தகம், குடும்பப் பதிவுப் புத்தகம், சர்ச் ஞானஸ்நானச் சீட்டு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அதில் 'மத்ரிக்யூல்' என்று ஒரு எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வீரரின் பதிவு எண் அது. 'கிளாஸ்' என்று ஒரு வருடம் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், பள்ளிக்கூட வகுப்பு இல்லை. அவருக்கு 20 வயது ஆன ஆண்டு. 1895-ல் பிறந்தவர் 1915 கிளாஸ்.

பாட்டி சொல்லும் "சைகோன்ல இருந்தாரு" என்பதைக் கேட்டதும் ராணுவம்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புதுச்சேரிக்காரர்கள் சைகோனில் போலீஸ், சுங்கம், வரி வசூல், குமாஸ்தா வேலை எல்லாம் பார்த்திருக்கிறார்கள். யூனிஃபார்ம் போட்ட எல்லோரும் சொல்தா இல்லை. ஆவணம் வேறு பிரிவில் இருக்கும், தேடும் இடமே மாறிவிடும்.

பெயர்தான் பெரிய தலைவலி

தேடியவர்கள் பாதியில் கைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். நம் பெயரை பிரெஞ்சு குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி, தன் மொழி எழுத்தில் எழுதிவைத்தார். உகரம் வந்தால் 'யு' மட்டும் போட மாட்டார், 'ஓ', 'யு' என்று இரண்டு எழுத்து. 'சாமி'யில் வரும் சகரத்துக்கு இரண்டு 'எஸ்'. ஆக, முத்துசாமி என்பதை எம்-ஓ-யு-டி-ஓ-யு-எஸ்-எஸ்-ஏ-எம்-ஒய் என்று தேட வேண்டும். கிருஷ்ணசாமி 'கிஷெனசாமி' ஆகியிருப்பார். வெங்கடாசலம் 'விங்' என்று தொடங்கியிருப்பார். ஆங்கில ஸ்பெல்லிங்கில் தேடினால் 'இல்லை' என்று வரும், ஆனா அந்த ஆள் அங்கேதான் இருப்பார்.

இன்னொரு சிக்கல், குடும்பப் பெயர். 1881 செப்டம்பர் 21-ல் வந்த ஆணைப்படி, சொந்த சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைப் பதிவு செய்தார்கள். இவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். அதற்கு முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லா போர்த்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். 'போர்த்' என்றால் பிரெஞ்சில் கதவு. இப்படித் தகப்பனுக்கு ஒரு பெயர், மகனுக்கு வேறொரு பெயர் என்று ஏட்டில் வரும். அதனால் பெயரை மட்டும் நம்பாமல் பிறந்த தேதி, தாய் தகப்பன் பெயர் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறந்த இடத்திலும் 'தேங்காய்த்திட்டு' என்றே இருக்கும் என எதிர்பார்க்க வேண்டாம். வெறுமனே 'பொந்திஷேரி' என்று இருக்கலாம். பக்கத்து கொம்யூன் ஏடுகளையும் புரட்டிப் பார்ப்பது நல்லது.

எங்கே தேடுவது?

போரில் இறந்தவர் என்றால் வேலை சுலபம். பிரெஞ்சு பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெ ஸோம்' இணையதளத்தில் முதல் உலகப் போரில் இறந்த 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் அட்டைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர், படைப்பிரிவு, மத்ரிக்யூல், பிறந்த தேதி, ஊர், எங்கே எப்படி இறந்தார் என்பதெல்லாம் ஒரே அட்டையில் கையெழுத்தில் இருக்கும். இந்தோசீனாவில் இறந்தவர்களுக்கும் அதே தளத்தில் தனிப் பட்டியல் உண்டு.

உயிரோடு திரும்பியவரைத் தேடுவதுதான் கஷ்டம். சாதாரண வீரர்களின் பணிக் கோப்புகள் பிரான்சின் தெற்கே போ நகரில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மத்ரிக்யூல், பிறந்த தேதி, உறவுக்கான சான்று ஆகியவற்றுடன் எழுதிக் கேட்க வேண்டும். அதிகாரிகளின் கோப்புகளுக்கு பாரிஸ் அருகே வான்சென்.

பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளில் 100 ஆண்டைத் தாண்டியவற்றை எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரின் கடல்கடந்த ஆவணக் காப்பகம் ஆன்லைனில் போட்டிருக்கிறது. மொபைலிலேயே பார்க்கலாம், தேதி தெரியாவிட்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான். உள்ளூரில் புதுச்சேரி நகராட்சியின் பழைய பிறப்பு இறப்பு ஏடுகளும், லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளையும் இருக்கின்றன.

தாத்தா இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர், விழுப்புரம் என்று பிரிட்டிஷ் எல்லைக்குள் பிறந்தவரா? அப்படியானால் பிரெஞ்சு ஏட்டில் தேடிப் பயனிருக்காது. இறந்தவர்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளம். இரண்டு போர்களுக்கும் சேர்த்து சுமார் 17 லட்சம் பெயர்கள் அதில் உண்டு.

தாத்தா சொல்தா என்றால் பேரனுக்கு பாஸ்போர்ட்டா?

பலரும் இந்தத் தேடலைத் தொடங்குவதே இதற்காகத்தான். ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

முன்னோர் பிரெஞ்சுப் படையில் இருந்தார் என்பது மட்டும் குடியுரிமை தராது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் அமலுக்கு வந்தது. அன்று புதுச்சேரியில் பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றவர்கள் 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும். இங்கே பிறந்து, அன்றைக்கு இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியன் என்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதனால் போட்டோவில் இருக்கும் மெடலைவிட, 1962-ல் அவர் எங்கே இருந்தார், அந்த ஆறு மாதத்தில் கையெழுத்துப் போட்டாரா என்பதுதான் கேள்வி. இதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. குடும்பம் 50 ஆண்டுகளுக்கு மேல் பிரான்சுக்கு வெளியே இருந்து, அந்தக் காலத்தில் பிள்ளையோ அவரது தாய் தகப்பனோ பிரெஞ்சுக் குடிமகனாகப் பதிவு, பாஸ்போர்ட் எதுவும் வைத்திருக்கவில்லை என்றால், வம்சாவளியைக் காட்டி உரிமை கேட்பதை பிரெஞ்சு சட்டம் ஏற்பதில்லை. 1962-லிருந்து கணக்குப் போட்டால் அந்தக் கெடு 2012-லேயே முடிந்துவிட்டது.

கோப்பு கையில் வந்தால் வேறொன்று கிடைக்கும். எந்தக் கப்பலில் போனார், எங்கே காயம் பட்டார், எந்தத் தேதியில் வீடு திரும்பினார் என்ற விவரங்கள், சிலருடைய கோப்பில் உயரம், கண் நிறம், முகத்தில் இருந்த தழும்பு வரைக்கும்.