அம்பு ஏன் விலகுகிறது?

வில்வித்தை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் அருச்சுனனும் ஏகலைவனும்தான். ஆனால் நம் காலத்தில் இந்தியாவில் வில்லால் பெரும்புகழ் பெற்றவர் ஒரு பெண். ராஞ்சிக்கு அருகில் ஒரு சிற்றூரில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி, கல்லெறிந்து மாங்காய் வீழ்த்தியும் மூங்கில் வில்லால் எய்தும் பழகியவர். 2010-இல் டில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றபோது அவருக்கு வயது பதினாறே!

அதே தீபிகா, 2012-இல் உலகின் முதல்நிலை வீராங்கனையாக லண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்று, லார்ட்ஸ் மைதானத்தில் தனிநபர் பிரிவின் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார். காற்று தொல்லை தந்ததாக அவரே சொன்னார். உலகின் முதல்வருக்கே அம்பு விலகும் என்றால், போன மாதம் வில் பிடித்த சிறுமிக்கு விலகாமல் இருக்குமா? ஆனால் நம் வழக்கம் என்ன? பத்து அம்பு தவறினால் "உனக்குக் கை வராது" என்று சொல்லி விடுகிறோம். அவளும் அதை நம்பி வில்லைக் கீழே வைத்து விடுகிறாள். பல வேளைகளில் குற்றம் அவளுடைய கையில் இல்லை. ஒரு திருகாணியிலோ, நாணிலோ, அவளுக்குப் பொருந்தாத வில்லிலோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன்.

நுனிகள் எதிர்ப்புறமாக வளைந்திருக்கும் வில்லுக்கு ரீகர்வ் வில் என்று பெயர். 1972-இல் மியூனிக்கில் வில்வித்தை மீண்டும் ஒலிம்பிக்கில் சேர்ந்தது முதல் 2024 பாரிஸ் வரை அங்கே இடம் பெற்றது இவ்வகை வில் ஒன்றே. இலக்கு 70 மீட்டர் தூரத்தில் நிற்கும். அதன் குறுக்களவு 122 சென்டிமீட்டர். நடுவே உள்ள பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான்.

இங்கே ஒரு சிறு கணக்கு. அம்பின் நீளம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இலக்கு அதைப்போல் நூறு மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆகவே அம்பின் வால் பக்கம் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் இலக்கில் அது 10 சென்டிமீட்டர் ஆகி, பத்துப் புள்ளி ஒன்பதாகி விடும். வகுப்பில் வடிவொத்த முக்கோணம் எதற்கு என்று கேட்கும் மாணவியருக்கு இதோ ஒரு பதில்!

முதலில் செய்ய வேண்டியது எதையும் திருகாமல் இருப்பது. ஆறு அம்புகளை எய்து விட்டு, அவை தைத்திருக்கும் கோலத்தைப் பார்க்க வேண்டும். ஆறும் ஒரே இடத்தில் நெருங்கி, ஆனால் நடுவுக்கு இடப்புறம் இருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். எய்பவளிடம் குறையில்லை, குறிகாட்டியை நகர்த்தினால் போதும். அம்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே குறிகாட்டியை நகர்த்த வேண்டும். அம்பு இடப்பக்கம் போனால் இடப்பக்கம். மேலே போனால் மேலே. புதியவர்கள் பெரும்பாலும் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள்.

அம்புகள் சிதறியிருந்தால்தான் விசாரணை தேவை. ஒவ்வோர் அம்பிலும் எண் எழுதி, எந்த எண் எங்கே தைத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நான்காம் எண் அம்பு மட்டும் நாள்தோறும் தனியே போனால் குற்றவாளி அகப்பட்டு விட்டது. அதன் இறகு கிழிந்திருக்கலாம். நாணில் பொருந்தும் பிளவு விரிந்திருக்கலாம். தண்டில் வெடிப்பு இருக்கலாம். கார்பன் அம்பானால் மெல்ல வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். நெறுநெறு என்று ஒலித்தால் அதை எய்யவே கூடாது. நாண் உந்தும் வேகத்தில் உடைந்து கையிலேயே ஏறி விடும்.

அடுத்து வில். நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள இடைவெளியை டி வடிவ அளவுகோலால் தினமும் அளக்க வேண்டும். 68 அங்குல வில்லுக்கு இது சுமார் எட்டரை முதல் ஒன்பது அங்குலம் வரை இருக்கும். புது நாண் இழுபட்டு நீளும், இடைவெளி குறையும், நேற்று சரியாகப் போன அம்பு இன்று வேறிடம் போகும். நாணைக் கழற்றிச் சில முறுக்குகள் கூட்டினால் பழைய அளவு திரும்பும்.

நாண் உந்தும்போது அம்பு விறைப்பாகப் போவதில்லை. மீன் நீந்துவது போல் நெளிந்து நெளிந்துதான் வில்லைத் தாண்டுகிறது. அந்த நெளிவு வில்லின் பலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதைச் சோதிக்க அழகான வழி ஒன்று உண்டு. இறகுள்ள அம்புகளோடு இறகில்லாத அம்பு ஒன்றையும் குறைந்த தூரத்திலிருந்து எய்வார்கள். இறகு அம்பின் பிழைகளை மறைத்துத் திருத்திவிடும். இறகில்லாதது உள்ளதை உள்ளபடி காட்டிக் கொடுக்கும். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு அது மற்றவற்றுக்கு இடப்புறம் தைத்தால் அம்பு மிக விறைப்பானது. வலப்புறம் தைத்தால் மிக நெகிழ்வானது. மேலே தைத்தால் நாணில் அம்பு பொருத்தும் இடத்தைச் சற்று உயர்த்த வேண்டும். கீழே தைத்தால் தாழ்த்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது.

இனி எய்பவள். அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறினால் ஒவ்வொரு முறையும் நாணை ஒரே அளவு இழுக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இதற்காகவே கிளிக்கர் என்ற மெல்லிய தகடு உண்டு. உரிய அளவு இழுத்ததும் 'டக்' என்று ஒலிக்கும். அம்பு விட்டவுடன் அது எங்கே போகிறது என்று பார்க்கும் ஆவலில் இடக்கையைத் தாழ்த்தினாலும் அம்பு கீழே இறங்கும். பக்கவாட்டில் சிதறினால், வில்லை இறுகப் பற்றித் திருகுகிறாளா, நாண் முகவாயில் ஒரே இடத்தில் படிகிறதா என்று கவனிக்க வேண்டும். நம் பெண்களுக்கென்றே சில தடைகளும் உண்டு. துப்பட்டா, தளர்ந்த கைச்சட்டை, முன்னே விழும் சடை, தொங்கும் கம்மல் ஆகியவற்றில் நாண் உரசினால் அம்பு விலகும், காதும் கிழியும். சடையைப் பின்னே முடிந்து, மார்புக் காப்பும் கைக்காப்பும் அணிந்த பிறகே வில்லைத் தொட வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கண். கைகளை நீட்டி, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு துளை விட்டு, இரு கண்ணாலும் தொலைவிலுள்ள விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண்ணுக்கு விளக்கு துளையிலேயே நிற்கிறதோ அதுவே ஆளும் கண். வலக்கைப் பழக்கமுள்ள சிலருக்கு இடக்கண் ஆளும். அவர்கள் வலக்கண்ணால் குறி பார்க்கத் திணறுவார்கள். மற்றொன்று, வில்லின் பலம். தொடக்கத்தில் இருபது இராத்தல் அளவு இழுவிசையே ஒரு சிறுமிக்குப் போதும். "வளர்ந்ததும் உதவுமே" என்று பெரிய அளவில் பாவாடை தைப்பது போல் பலமான வில்லை வாங்கிக் கொடுத்தால், தோள் நடுங்கும், முதுகு வளையும், எந்தத் திருத்தமும் பலிக்காது. விலை உயர்ந்த வில் என்பதால் குற்றம் பிள்ளையிடம்தான் என்று முடிவு கட்டுவதும் சரியல்ல.

கடைசியாகக் காற்று. திருப்பாலைக்குடிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு வாடையும் கொண்டலும் கச்சானும் புதிதல்ல. வலையேற்றும் முன் கடலையும் கொடியையும் பார்க்கும் பழக்கம் வில்லுக்கும் உதவும். இலக்கின் மேல் சிறு கொடி கட்டுவது அதற்காகத்தான். ஒரே சீராக வீசும் காற்றுக்குக் குறியைக் காற்று வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி வைக்கலாம். விட்டு விட்டு வீசும் காற்றுக்குக் குறிகாட்டியைத் திருகிக் கொண்டிருந்தால் முடிவே இராது. நேரம் இருந்தால் காற்று அடங்கும்வரை காத்திருப்பதே நல்லது.

உப்புக் காற்றில் திருகாணிகள் துருப்பிடிக்கும். பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, நாணுக்கு மெழுகு பூசி, வில்லைக் கழற்றி வெயில் படாத இடத்தில் வையுங்கள். அம்பு பொருத்தாமல் நாணை இழுத்து விட்டு விளையாட யாரையும் அனுமதிக்காதீர்கள். போக இடமில்லாத விசை முழுவதும் வில்லிலேயே இறங்கி, அதன் கைகளைப் பிளந்து விடும்.