மறைந்த மூர் மார்க்கெட்

ஒரு நகரின் வரலாறு கோட்டைகளிலும் மாளிகைகளிலும் மட்டும் அடங்கிவிடுவதன்று. மக்கள் நாள்தோறும் கூடி வாங்கியும் விற்றும் வாழ்ந்த அங்காடிகளும் அவ்வரலாற்றின் ஏடுகளே ஆகும். சென்னை மாநகரில் அங்ஙனம் புகழுடன் விளங்கிப் பின்னர் மறைந்தது மூர் மார்க்கெட் என்னும் அங்காடி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பிராட்வேயில் பாப்பம் மார்க்கெட் என்றொரு சந்தை இருந்தது. நெருக்கடி மிகுந்து தூய்மை குன்றிய அச்சந்தைக்கு மாற்றாகப் புதியதோர் அங்காடி அமைத்தல் இன்றியமையாததாயிற்று. சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அணித்தே மக்கள் பூங்கா என வழங்கிய பரந்த நிலம் இருந்தது. அதன் ஒரு பகுதியில், 1898ஆம் ஆண்டில், மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் புதிய அங்காடிக்கு அடிக்கல் நாட்டினார். 1900ஆம் ஆண்டில் அது திறக்கப்பெற்றது. அவர் பெயரே அங்காடிக்கும் பெயராயிற்று.

இந்திய, இசுலாமியக் கட்டடக் கலைகளை ஐரோப்பிய முறையுடன் இணைத்த இந்தோ-சாரசெனிக் பாணியில் அக்கட்டடம் எழுந்தது. செந்நிறச் சுவர்களும் வரிசை வரிசையான வளைவுகளும் நடுவே அமைந்த முற்றமும் அதற்கு அழகு செய்தன.

உணவுப்பொருள்களை விற்பதற்கென எழுந்த அவ்வங்காடியில், நாளடைவில் கிராமபோன் இசைத்தட்டுகள், பழம்பொருள்கள், வளர்ப்புப் பறவைகள் முதலிய பலவும் இடம்பெற்றன. அவை யாவற்றினும் சிறந்தவை பழைய புத்தகக் கடைகளே. ஒரு மாணவன் படித்து முடித்த நூல், இங்கு வந்து, புதுநூல் வாங்க இயலாத மற்றொரு மாணவனைச் சென்றடைந்தது. கிடைத்தற்கரிய நூல்களைத் தேடி அறிஞர்களும் வந்தனர். பேரம் பேசி வாங்குவதே அங்கு வழக்கம். எளியோர்க்கு அது காசு குறைந்த கல்விக்கூடமாக விளங்கிற்று.

பிற்காலத்தில், ரயில் நிலையத்தை விரிவுபடுத்த அந்நிலம் வேண்டப்பட்டது. இந்நிலையில், 1985ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பெருந்தீ மூண்டு அங்காடியை அழித்தது. கடைகளோடு வணிகர்தம் முதலும் வெந்து சாம்பலாயிற்று. பின்னர் வணிகர்களுக்கு அல்லிக்குளத்தில் எழுந்த வணிக வளாகத்தில் இடம் அளிக்கப்பட்டது. பழைய அங்காடி நின்ற இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது.

அந்நிலையம் மூர் மார்க்கெட் வளாகம் என்றே வழங்கப்பெறுகிறது. கட்டடம் மறைந்தும் பெயர் நிலைத்தது. எனினும், எரிந்த கடைகளை மீண்டும் கட்டலாம். எரிந்த அரிய நூலை மீண்டும் பெறுதல் அரிது. பழமையைக் காத்தல் அது நம்மிடையே இருக்கும்போதே செய்யவேண்டிய கடமையாகும்.