ஸ்ப்ரிங் வாங்கும் முன் எடை போடுங்க
வின்ச், அடித்தகடு மாட்டினதும் ஜிம்னியோட மூக்கு இறங்கிடுச்சு, ஸ்ப்ரிங் மாத்தலாமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. நான் சொல்றது, முதல்ல வே பிரிட்ஜுக்குப் போங்க. டேங்கை நிரப்பி, பயணச் சாமானும் ஆட்களும் ஏறினபிறகு, முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு தடவை, முழு வண்டியும் ஒரு தடவை. கழிச்சுப் பார்த்தா பின் அச்சு எடை கிடைச்சிடும். மொத்தம் கம்பெனி குறிச்ச வரம்பைத் தாண்டினா, புது ஸ்ப்ரிங் மூக்கைத் தூக்கும், வரம்பைத் தூக்காது. பிரேக் பழசுதானே!

புல் பார் இருந்தா கழட்டுங்க. 2017-லயே மத்திய அரசு கூடாதுன்னு சொல்லியாச்சு. வின்ச்சில் இரும்புக் கயிறுக்குப் பதிலா சிந்தெட்டிக் போட்டா சில கிலோ குறையும், அதுவும் முன் அச்சுக்கு முன்னாடி. 20 லிட்டர் தண்ணி 20 கிலோ. கடைசி ஊர்ல பிடிச்சுக்கலாம். கேனை கூரையில் கட்டாம, பின்சீட்டை ஒட்டித் தரையில் வைங்க. இவ்வளவுக்கும் அப்புறம் நிக்கிற எடைக்குத்தான் ஸ்ப்ரிங்.